பழைய கேம் டிஸ்க் கைமாறினால், கேமை உருவாக்கியவருக்கு நட்டமா?

"அண்ணே, அந்த கேமை முடிச்சிட்டீங்கன்னா எனக்குக் குடுங்க, பாதி விலை தர்றேன்." பிளேஸ்டேஷன் இருக்கிற எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் பள்ளத்தாக்கில் கன்சோல் வைத்திருப்பவர்கள் செல்போனில் விளையாடுபவர்களைவிட மிகவும் குறைவு. அந்தச் சிறு வட்டத்துக்குள் ஒரு டிஸ்க் வந்துவிட்டால் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒருவர் முடித்ததும் அடுத்தவர், அவர் முடித்ததும் பழைய பொருள் விற்கும் செயலி வழியாக மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போய்விடும்.

காரணம் விலை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடலின் விலை 49,990 ரூபாய். சோனியே வெளியிடும் பெரிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். விடிகாலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒருவருக்கு, ஒரு டிஸ்க்கின் விலை பல நாள் கூலி. முழு விலை கொடுத்து வாங்கி, முடித்தபின் அலமாரியில் தூங்க வைக்க பெரும்பாலானவர்களுக்கு மனசு வராது.

இதில்தான் ஒரு கேள்வி எழுகிறது. பழைய டிஸ்க் வாங்குபவர் திருடவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். ஆனால் அந்தக் காசில் ஒரு பைசாகூட கேமை உருவாக்கிய நிறுவனத்துக்குப் போவதில்லை. அப்படின்னா அவர்களைப் பொறுத்தவரை இதுவும் திருட்டு டிஸ்க்கும் ஒன்றுதானா? கேம் உலகின் பெரிய நிறுவனங்கள் சில பல ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசி வந்தன. இந்தியச் சட்டமும் ஒரு காலத்தில் அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

5,000 ரூபாய் எங்கே போகிறது?

முதலில் "உருவாக்கியவர்" யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சினிமாவில் தயாரிப்பாளர் வேறு, விநியோகஸ்தர் வேறு, தியேட்டர்காரர் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். கேமிலும் அப்படித்தான். கேமைச் செய்வது ஸ்டுடியோ. பணம் போட்டு, விளம்பரம் செய்து வெளியிடுவது பதிப்பாளர் நிறுவனம். இவர்களுக்கு மேல் கன்சோலின் சொந்தக்காரர் இருக்கிறார்: சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ. தங்கள் கன்சோலுக்காக வெளியாகும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இவர்களுக்கு ஒரு பங்கு போகும். புது டிஸ்க்குக்குக் கொடுக்கும் பணத்தில் ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம், இறக்குமதியாளர் லாபம், கன்சோல் நிறுவனத்தின் பங்கு எல்லாம் கழிந்து மிச்சம் வருவது பதிப்பாளருக்கு.

அதற்கும் பிறகுதான் ஸ்டுடியோ. பல ஒப்பந்தங்களில் ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுக்கப்படும். விற்பனையில் அந்த முன்பணம் கழிந்த பிறகே ராயல்டி என்ற பேச்சு வரும். சிலவற்றில் ராயல்டியே கிடையாது. 2010-ல் வெளியான 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' இதற்கு நல்ல உதாரணம். அதைச் செய்த ஆப்சிடியன் நிறுவனத்துக்கு விற்பனையில் பங்கு இல்லை. மொத்தமாக ஒரு தொகை மட்டும். விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 மதிப்பெண் எடுத்தால் போனஸ் உண்டு என்பது ஏற்பாடு. கிடைத்தது 84. ஒரு மதிப்பெண்ணில் போனஸ் போச்சு. இதை 2012-ல் அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவலோனே வெளியில் சொன்னார். அந்த கேமின் பழைய டிஸ்க்கை யாராவது வாங்கினால் ஆப்சிடியனுக்கு என்ன நட்டம்? நேரடியாக எதுவும் இல்லை. புது டிஸ்க் வாங்கினாலும் நேரடியாக எதுவும் வந்திருக்காது.

இந்தியர்கள் கேம் துறையில் செய்யும் வேலையில் பெரும்பகுதியும் இந்த வகைதான். 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு கேம்களுக்குக் கார்கள், கட்டடங்கள், மரங்கள் வரைந்து கொடுத்தே வளர்ந்தது. 2019-ல் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. இப்படிப்பட்ட ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் இளைஞருக்கு மாதச் சம்பளம் உண்டு. டிஸ்க்குக்கு இவ்வளவு என்று கணக்கு இல்லை.

அதனால் நட்டம் என்று ஒன்று இருந்தால் அது முதலில் விழுவது பதிப்பாளர் மேல். ஸ்டுடியோ மேல் விழாது என்று அர்த்தமில்லை. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லையென்றால் பதிப்பாளர் அடுத்த பாகத்துக்குப் பணம் போட மாட்டார், ஆட்குறைப்பு வரும், ஸ்டுடியோவையே மூடலாம். பாதிப்பு சுற்றிவந்துதான் சேரும், ஆனால் சேரும்.

ஸ்பிளெண்டர் கணக்கு

தேனி மாவட்டத்தில் பைக் வாங்கப் போகிறவர் மைலேஜுக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "மூணு வருஷம் கழிச்சு வித்தா என்ன போகும்?" என்பதைத்தான். நல்ல மறுவிற்பனை விலை போகும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்க மாட்டார்கள். பழைய வண்டிச் சந்தை இருப்பதே புது வண்டி விற்பனைக்கு ஒரு துணை.

டிஸ்க்கிலும் இதே கணக்கு ஓடுகிறது. 5,000 ரூபாய்க்குப் புது டிஸ்க் வாங்கும் ஒருவர், இரண்டு மாதத்தில் 3,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று நம்பினால், அவர் மனசில் அந்த கேமின் விலை 2,000 ரூபாய்தான். விற்கவே முடியாது என்று ஆகிவிட்டால் அதே ஆள் 5,000 கொடுப்பாரா? பலர் கொடுக்க மாட்டார்கள். விற்ற 3,000 ரூபாயும் பெரும்பாலும் அடுத்த கேமுக்குத்தான் போகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கடைகள் நடத்திய கேம்ஸ்டாப் நிறுவனம் இதைத்தான் தன் வாதமாக வைத்தது: பழைய டிஸ்க்கைக் கொடுத்து வாடிக்கையாளர் பெறும் தொகையில் பெரும்பகுதி புது கேமுக்கே செலவாகிறது என்று.

அந்த நிறுவனம் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் சொன்னவருக்கு லாபமும் உண்டு. 2012 கணக்காண்டில் கேம்ஸ்டாப்பின் மொத்த லாபத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் பழைய பொருள் விற்பனையிலிருந்துதான் வந்தது. புது டிஸ்க்கில் கடைக்குச் சொற்ப லாபம். பழைய டிஸ்க்கை மலிவாக வாங்கி, புதுசைவிடக் கொஞ்சமே குறைத்து விற்றால் நல்ல லாபம். புது கேம் கேட்டு வந்த வாடிக்கையாளரிடமே, "இதோ, கொஞ்சம் கம்மி விலையில் ஒண்ணு இருக்கு" என்று பழையதை நீட்டுவார்கள். பதிப்பாளர்களின் கோபம் இங்கேதான். ஒருவர் இன்னொருவருக்கு விற்பது வேறு. வெளியான சில நாட்களில், புது டிஸ்க் இருக்கும் அதே அலமாரியில், அதே டிஸ்க்கைப் பழையது என்று வைத்துப் போட்டி போடுவது வேறு.

பைக் உதாரணம் உதைப்பதும் இந்த இடத்தில்தான். பைக் ஓட ஓடத் தேயும். பத்து வருஷ வண்டியும் புது வண்டியும் ஒன்றல்ல. கீறல் விழாத டிஸ்க் நூறு பேர் கைமாறினாலும் முதல் நாள் ஓடிய மாதிரியே ஓடும். கதை மட்டுமே உள்ள, பத்துப் பதினைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம் என்றால், வாங்கிய வாரக் கடைசியிலேயே அது சந்தைக்கு வந்துவிடும். கேம்களின் விற்பனை முதல் சில வாரங்களில்தான் குவியும் என்பதால் அடி விழுவதும் அந்த வாரங்களில்தான். நண்பர்களோடு மாதக்கணக்கில் விளையாடும் கிரிக்கெட், ஃபுட்பால் கேம்களை யாரும் உடனே விற்பதில்லை. ஆக, "பழைய டிஸ்க் சந்தை" என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவதே தப்பு. பாதிப்பு கேமுக்குக் கேம் மாறும்.

வாழைக் கன்றும் ஏலத் தூரும்

பள்ளத்தாக்கில் இதைவிடப் பழைய ஒரு சண்டை மண்ணிலேயே இருக்கிறது. சின்னமனூர், கம்பம் பகுதிகளில் ஜி-9 வாழை போடும் விவசாயிகள் பலர் முதல் முறை ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தார் வெட்டிய பிறகு மறுதாம்பு விடலாம். பக்கக் கன்றைப் பிடுங்கிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். அந்தக் கன்றுக்கு ஆய்வகத்துக்கு ஒன்றும் போகாது.

ஏலக்காயில் கதை இன்னும் கூர்மையானது. மலைக்கு மேலே கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய 'ஞள்ளானி' ரகம் இடுக்கி மலைகளையே மாற்றியது. விளைச்சல் பல மடங்கு. போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு வரும் காயிலும் அந்த ரகத்துக்குப் பெரிய பங்கு. ஏலச்செடியைப் பரப்பத் தூரைப் பிரித்து நட்டால் போதும். அந்த ரகம் பரவிய 1990-களில் இந்தியாவில் பயிர் ரகங்களைப் பாதுகாக்கும் சட்டமே இல்லை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ல்தான் வந்தது. அதுவும், பாதுகாக்கப்பட்ட ரகமே என்றாலும், விவசாயி விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். பிராண்டு பெயர் போட்டு விற்கக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. உருவாக்கியவருக்கு வருமானம் முக்கியம். ஆனால் கைமாறும் உரிமையைப் பறிக்கக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் நிலைப்பாடு.

இந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது. ஏலத் தூரைப் பிரித்துக் கொடுத்தவரிடம் தாய்ச்செடி அப்படியே இருக்கும். ஒன்று இரண்டாகிறது. டிஸ்க்கை விற்றவரிடம் டிஸ்க் இருக்காது. ஒன்று ஒன்றாகவே இருக்கிறது, கை மட்டும் மாறுகிறது. செடியோடு ஒப்பிட்டால் பழைய டிஸ்க் விற்பனை உருவாக்கியவருக்கு மிகக் குறைந்த தொல்லை தருவது. தூர் பிரிப்பதற்கு நேரான செயல் டிஸ்க்கைக் காப்பி எடுப்பது. அது திருட்டு. பழைய டிஸ்க்கும் திருட்டு டிஸ்க்கும் ஒன்று என்ற வாதம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உலகம் முழுக்க இந்த விஷயத்தில் பேசப்படும் கொள்கை ஒன்றுதான்: ஒரு பிரதியை ஒருமுறை முறையாக விற்றுவிட்டால், அந்தப் பிரதி மேல் விற்பனையைத் தடுக்கும் உரிமை தீர்ந்துவிடும். இதற்கு மூலம் 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் அது காப்புரிமை மீறல் என்று பதிப்பாளர் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார். நியூயார்க்கின் மேசீஸ் கடை 89 சென்டுக்கு விற்றது. வழக்கில் ஜெயித்தது கடைதான். மதுரையிலோ தேனியிலோ பழைய பாடப்புத்தகம் விற்பவரும் இதே கொள்கையின் நிழலில்தான் நிற்கிறார்.

இந்தியாவில் பாதை கொஞ்சம் கோணலானது. 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அது 1995 மே 10 முதல் அமலானது. அதன்படி கம்ப்யூட்டர் புரோகிராமின் எந்தப் பிரதியையும் விற்கவோ வாடகைக்கு விடவோ உரிமை உள்ளவர் காப்புரிமைதாரர் மட்டுமே. அந்தப் பிரதி அதற்கு முன்பே விற்கப்பட்டதா, வாடகைக்கு விடப்பட்டதா என்பது பொருட்டல்ல என்றும் கூடவே எழுதினார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே படித்தால், காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பருக்கு விற்பதற்கும் நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இங்கே வீடுகளில் இருந்தவை டிவியில் மாட்டி விளையாடும் கேசட் வீடியோ கேம்கள். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம் என்று அட்டையில் போட்டிருக்கும்; திறந்தால் பத்து கேம் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் போலிதான். சட்டமோ அசல் வாங்கியவர் மறுபடி விற்பதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

1999-ல் இன்னொரு திருத்தம் வந்தது. 2000 ஜனவரி 15 முதல் அமல். "முன்பே விற்கப்பட்டிருந்தாலும்" என்ற வாக்கியம் கம்ப்யூட்டர் புரோகிராம் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. சினிமா, ஒலிப்பதிவு பிரிவுகளில் அதே வாக்கியம் 2012 வரை தொடர்ந்தது. 2012 ஜூன் 21-ல் அமலான திருத்தத்தில் அங்கேயும் போனது. கேமில் புரோகிராமும் உண்டு, படமும் இசையும் உண்டு என்பதால் இந்த இரண்டாவது நீக்கமும் முக்கியம்.

இதை உச்ச நீதிமன்றம் விளக்கியது கேம் வழக்கில் அல்ல, வருமானவரி வழக்கில். வெளிநாட்டு சாஃப்ட்வேரை வாங்கி இந்தியாவில் விற்பவர் கொடுக்கும் பணம் ராயல்டியா, பொருளுக்கான விலையா என்பது பிரச்சினை. 2021 மார்ச் 2 அன்று 'என்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்' வழக்கில் நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பு அந்தத் திருத்தங்களின் வரலாற்றையே எடுத்து அலசியது. சட்டம் தடுப்பது புரோகிராமைப் பிரதியெடுத்து விற்பதை. வாங்கிய பிரதியை அப்படியே மறுபடி விற்பவர் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார் என்பது அதன் சாரம். பழைய டிஸ்க் விற்பவருக்கு இதைவிடத் தெளிவான துணை இந்தியாவில் வேறில்லை.

வாடகை மட்டும் தனி. லாபத்துக்காக வாடகைக்கு விடும் உரிமை இன்னமும் காப்புரிமைதாரரிடமே இருக்கிறது. லாபநோக்கில்லாத நூலகம், கல்வி நிலையத்துக்கு விலக்கு உண்டு. ஒருகாலத்தில் டவுன்களில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் 2 விளையாட விட்ட கடைகளை யாரும் கேட்கவில்லை. அதற்காகச் சட்டம் அனுமதித்தது என்று ஆகாது. திருட்டு டிஸ்க்கின் கதையோ வேறு. அது திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது 63பி பிரிவு. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பது 2012-லிருந்து தனிக் குற்றம்.

ஜப்பானும் எக்ஸ்பாக்ஸும்

கேம் நிறுவனங்கள் நேரடியாகப் பழைய கடைகளோடு மோதியது ஜப்பானில். கேப்காம், கொனாமி, நாம்கோ, சோனி போன்றவை பழைய கேம் கடைகள் மேல் வழக்குப் போட்டன. கேம் என்பது ஒருவகைச் சினிமா, சினிமாவின் பிரதி எங்கே போகிறது என்று தீர்மானிக்கும் உரிமை எங்களுடையது என்பது வாதம். 1999-ல் டோக்கியோ நீதிமன்றம் கடை பக்கம் நின்றது. அதே ஆண்டில் ஒசாகா நீதிமன்றம் நிறுவனங்கள் பக்கம் நின்றது. கடைசியில் 2002 ஏப்ரல் 25 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: கேம் சினிமாவைப் போன்ற படைப்புதான், ஆனால் முதல் விற்பனையோடு அந்தப் பிரதி மேல் உரிமை தீர்ந்துவிடுகிறது. முதல் விற்பனையிலேயே விலை வாங்கியாகிவிட்டது, இரண்டாம் முறையும் கேட்பது இரட்டை லாபம் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

நீதிமன்றத்தில் முடியாததைத் தொழில்நுட்பத்தால் செய்யப் பார்த்தார்கள். 2010-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'ஆன்லைன் பாஸ்' கொண்டுவந்தது. புது டிஸ்க் டப்பாவில் ஒரு கோடு இருக்கும். பழைய டிஸ்க் வாங்குபவர் ஆன்லைனில் விளையாட அந்தக் கோடைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பவே 2013 மே மாதம் கைவிட்டது. அதே மாதம் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்ப்பு, டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு. அடுத்த மாதம் சோனி ஒரு குட்டி வீடியோ விட்டது. பிளேஸ்டேஷனில் கேமைப் பகிர்வது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. வாடிக்கையாளர் கோபம் ஒரு நிறுவனத்தின் கொள்கையை ஒரு மாதத்துக்குள் புரட்டிப் போட்ட சம்பவம் கேம் வரலாற்றில் அபூர்வம்.

பொருளாதார ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஜப்பான் சந்தைத் தரவை வைத்து மசகசு இஷிஹாரா, ஆண்ட்ரூ சிங் இருவரும் செய்த ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. பழைய டிஸ்க் சந்தையே இல்லாமல் போனால் பதிப்பாளருக்கு லாபம் கூடுமா என்பது, அவர் விலையை என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது என்று அது காட்டியது. விலையைக் குறைத்து அமைத்தால் கூடும். மறுவிற்பனையை மூடிவிட்டு அதே விலையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பலன் கிடைக்காது. ஸ்பிளெண்டர் கணக்குக்கு இதுவே விடை. விற்க முடியாத பொருளுக்கு யாரும் விற்கக்கூடிய பொருளின் விலையைக் கொடுக்க மாட்டார்கள்.

அப்போ யாருக்குத்தான் நட்டம்?

பெரிய பதிப்பாளருக்கு, சின்ன கதை கேமில், முதல் சில வாரங்களில் நட்டம் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த நட்டம் விற்ற ஒவ்வொரு பழைய டிஸ்க்கின் முழு விலை அல்ல. 2,500 ரூபாய்க்குப் பழைய டிஸ்க் வாங்கிய கம்பத்துக் கல்லூரி மாணவர், அது கிடைக்காவிட்டால் 5,000 கொடுத்துப் புதுசு வாங்கியிருப்பார் என்று எண்ணுவது கனவு. அவர் காத்திருந்திருப்பார், இல்லையென்றால் திருட்டு வழியைத் தேடியிருப்பார்.

சிறு ஸ்டுடியோக்களைப் பொறுத்தவரை இந்த விவாதமே பெரும்பாலும் பொருந்தாது. அவர்களுடைய பெரும்பாலான கேம்கள் டிஸ்க்கில் வருவதில்லை. புனேயில் உருவான 'ராஜி' 2020-ல் முதலில் டிஜிட்டல் கடைகள் வழியாகத்தான் வந்தது. டிஜிட்டல் கேமை யாரும் மறுபடி விற்க முடியாது. ஸ்டீம் போன்ற கடைகள் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கின்றன. சிறியவர்களை வதைப்பது வேறொன்று: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேம் என்றால் முழுசாக முடித்துவிட்டே திரும்பக் கேட்கிறார்கள். எமிகா கேம்ஸ் என்ற சிறு படைப்பாளி இதைச் சொல்லியே 2021-ல் கேம் உருவாக்குவதிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். சிறு படைப்பாளி மேல் அக்கறை இருப்பவர் தவிர்க்க வேண்டியது இந்தப் பழக்கத்தை.

இதற்கிடையில் பழைய டிஸ்க் சந்தையைப் பெரும்பாலும் வழக்கே இல்லாமல் முடிக்கும் வேலை நடக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்-ல் டிஸ்க் போட இடமே இல்லை. பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் மாடலும் அப்படியே. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவுக்கு டிஸ்க் டிரைவைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். டிஜிட்டல் கேமை விற்கும் உரிமை வேண்டும் என்று பிரான்ஸில் நுகர்வோர் சங்கம் ஸ்டீமை நடத்தும் வால்வ் மேல் போட்ட வழக்கில், 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகச் சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2024 அக்டோபரில் உச்ச அமைப்பும் அதையே உறுதி செய்தது.

விற்க முடியாததோடு முடியவில்லை. யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியதும், டிஸ்க் கையில் வைத்திருந்தவருக்கும் அது ஓடவில்லை. இனி டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" என்று பட்டன் வைத்தால், அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அமல். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. செல்போனில் கேம் விளையாடும் பெரும்பான்மைக்கு இந்த நிலை ஏற்கெனவே பழகிவிட்டது. அங்கே காசு கொடுத்து வாங்கிய உடையையும் துப்பாக்கி வண்ணத்தையும் யாரும் யாருக்கும் விற்க முடியாது. அக்கவுண்ட்டையே விற்பது பொதுவாக நிறுவன விதிகளுக்கு எதிரானது.

பழையது வாங்குவோர் கவனிக்க

செயலிகளில் "கேம் விற்பனைக்கு" என்று வருபவற்றில் பல டிஸ்க் அல்ல, யாரோ ஒருவருடைய அக்கவுண்ட். பலருக்குப் பங்கு வைத்து விற்றிருப்பார்கள். நிறுவனம் முடக்கினால் காசு போச்சு. டிஸ்க்காகவே வாங்குவது நல்லது. பிளேஸ்டேஷன் 4, 5 டிஸ்க்குகள் எந்த நாட்டுடையதானாலும் இங்கே ஓடும். ஆனால் கூடுதல் பாகங்களை வாங்கும்போது டிஸ்க்கின் நாடும் அக்கவுண்ட்டின் நாடும் ஒத்துப்போக வேண்டும். டப்பாவுக்குள் இருக்கும் கோடு அட்டையை முதல் ஆள் பயன்படுத்தியிருப்பார் என்று வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில அட்டைகளில் கேமே இருக்காது, இறக்கிக்கொள்ளும் சாவி மட்டும் இருக்கும். அதையும் விற்கலாம், வாங்கலாம். ஆனால் இணையத்திலிருந்து முழு கேமையும் இறக்க வேண்டும். டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முடிந்தால் கொடுப்பவர் வீட்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கலாம்.